டிரிபிள் ஏ போட்ட கம்பெனி டெபாசிட்: அப்பாவின் ஓய்வுப் பணத்தைப் போடலாமா?

கும்பகோணம்_ரவி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து இந்த மே மாதம் ஓய்வு பெற்றார். கைக்கு வந்தது 32 லட்சம். வந்த மறுவாரமே தெருமுனை ஏஜென்ட் விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பெரிய தனியார் நிதி நிறுவனம், ஐந்து வருட டெபாசிட், மூத்த குடிமக்களுக்குக் கூடுதல் வட்டி. எல்லாம் சேர்த்தால் எங்கள் வங்கி தருவதைவிட ஒன்றே கால் சதவீதம் அதிகம். முதல் பக்கத்திலேயே ‘டிரிபிள் ஏ’ என்று, அதாவது கடனைத் திருப்பித் தரும் திறனுக்கு ரேட்டிங் ஏஜென்சி போடும் உச்ச மதிப்பெண், கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

“நூத்துக்கு நூறு வாங்கின பையன் மாதிரி இது. இதுக்கு மேல என்ன வேணும்?” என்கிறார் அப்பா. அம்மாவுக்கு மனசே இல்லை. தொண்ணூறுகளில் மாமா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டது அப்படியே போயிற்று. அந்த ரசீதை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

ரேட்டிங் என்பது உத்தரவாதமா? தப்பிப் போனால் யார் பொறுப்பு? மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏஜென்ட் மறுபடி வருகிறார்.

பெரம்பூர்_வாசகன்:

தாராளமாகப் போடலாம். பயப்படுபவர்கள் சொல்வதைக் கேட்டால் பணத்தைத் தலையணைக்குள்தான் வைக்க வேண்டும். மாமா போட்ட கம்பெனிக்கு ரேட்டிங் இருந்திருக்காது. டிரிபிள் ஏ வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நானே பத்து வருடமாக இரண்டு கம்பெனிகளில் டெபாசிட் வைத்திருக்கிறேன். வட்டி ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை.

கொரட்டூர்_மணி:

ரவி தம்பி, அப்பா சொன்ன உவமையையே எடுத்துக்கொள்கிறேன். பையன் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறான், சரி. எந்தப் பரீட்சையில், எப்போது எழுதியதில் என்று கேட்க வேண்டும்.

நான் 22 வருடம் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் ட்ரெஷரியில், அதாவது பணத்தை நிர்வகிக்கும் பிரிவில், இருந்தேன். அதில் எட்டு வருடம் ஊழியர்களின் பிஎஃப் ட்ரஸ்டையும் பார்த்துக்கொண்டேன். மாதம் ஒரு கூட்டம். மேசையில் ஒரு பச்சை ஃபைல். ஒவ்வொரு கடன்பத்திரத்துக்கும் ஒரு பக்கம்: பெயர், வட்டி, முதிர்வுத் தேதி, கடைசிக் கட்டத்தில் ரேட்டிங். டிரிபிள் ஏ என்றால் ஒரு டிக், அடுத்த பக்கம். ஒரு பத்திரத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த டிக்கைப் போட்டவன் நான்தான். ஒரு தடவை அப்படி டிக் போட்ட ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) பணம் கட்டாமல் நின்றபோது, பதில் சொல்லச் சொல்லி ஷாப் ஃப்ளோரிலிருந்து நாலு பேர் என் அறைக்கு வந்தார்கள். என்னிடம் இருந்தது ரேட்டிங் கடிதத்தின் ஜெராக்ஸ் மட்டும்தான். அதைக் காட்டினேன். “சார், இதை வெச்சு நாங்க என்ன பண்றது?” என்று ஒருவர் கேட்டார். அன்றைக்குத்தான் ரேட்டிங் அறிக்கையை முழுக்கப் படிக்கத் தொடங்கினேன்.

ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1987இல் சென்ட்ரல் பாங்க், யூடிஐ, ஹெச்டிஎஃப்சி சேர்ந்து தொடங்கியது. பின்னாளில் எல்ஐசியே மிகப் பெரிய பங்குதாரர், ஸ்டேட் பாங்கும் உண்டு. ஜம்மு காஷ்மீரின் செனானி–நஷ்ரி சுரங்கப்பாதை அவர்கள் குழுமம் கட்டியது. நம் பரங்கிப்பேட்டைப் பக்கம் அனல்மின் நிலையமும் வைத்திருந்தார்கள். 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை டிரிபிள் ஏ. செப்டம்பர் முதல் வாரத்தில் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பிக்குக் கட்டவேண்டிய குறுகிய காலக் கடன் நின்றது. அதே மாதம் நடுவில் ரேட்டிங் ‘டி’க்கு வந்துவிட்டது. டி என்றால் தவணை தவறியவன். உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு வர இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குழுமத்தின் மொத்தக் கடன் 90,000 கோடிக்கு மேல். அக்டோபர் 1 அன்று மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிவிட்டு வங்கியாளர் உதய் கோடக் தலைமையில் புதிய குழுவைப் போட்டது.

நோய் இரகசியமாக இருக்கவில்லை. சாலையும் சுரங்கமும் பதினைந்து இருபது வருடத்தில் காசைத் திருப்பும். வாங்கிய கடனில் கணிசமான பகுதி குறுகிய காலத்துக்குள் திருப்ப வேண்டியது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும். இது கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அதற்கு மேல் முந்நூறுக்கும் அதிகமான துணை நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று கடன். இதையெல்லாம் பார்த்தும் ஏஜென்சிகள் மேலே தூக்கி வைத்தது பெரிய பங்குதாரர்களின் பெயரை நம்பித்தான். நெருக்கடி வந்தால் எல்ஐசி விட்டுவிடுமா என்ற நினைப்பு. உத்தரவாதம் என்று எல்ஐசி யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

பெரம்பூர்_வாசகன்:

மணி சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் ஒரு ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸை வைத்து நாட்டில் உள்ள எல்லா டிரிபிள் ஏவையும் சந்தேகப்படுவது நியாயமா? அங்கே நிர்வாகமே மறைத்தது. மறைப்பவனை எந்த ஏஜென்சியால் பிடிக்க முடியும்?

பழைய_அனலிஸ்ட்:

நான் ஒரு ரேட்டிங் ஏஜென்சியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

முதலில் ஏஜென்சிகள் பக்கம் பேசுகிறேன். ஆயிரக்கணக்கான நிறுவனங்களை வரிசைப்படுத்தி நிறுத்துவதில் ரேட்டிங் மோசமான கருவி அல்ல. பல வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால் டிரிபிள் ஏவில் தவணை தவறுவது மிக அரிது, டபுள் ஏவில் கொஞ்சம் கூடுதல், பிபி, பி என்று இறங்க இறங்க ஏறிக்கொண்டே போகும். இந்த வரிசை நிஜம். கடன் கொடுப்பவர்களுக்கு இது உதவுகிறது.

ஆனால் வரிசை என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. ரவியின் அப்பா கூட்டத்துக்குக் கடன் கொடுக்கவில்லை, ஒரே ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். அது போனால் அவருக்கு நூற்றுக்கு நூறும் போயிற்று.

அடுத்தது, கட்டணம். ஜான் மூடி 1909இல் அமெரிக்க ரயில்வே பத்திரங்களுக்கு மதிப்பெண் போட்டுப் புத்தகமாக விற்றார். படிப்பவர்தான் காசு கொடுத்தார். 1970களில் அது தலைகீழாக மாறி, கடன் வாங்குபவரே ரேட்டிங்குக்குப் பணம் கட்டத் தொடங்கினார். இந்தியாவிலும் இதுதான் முறை. நான் இருந்த காலத்தில் யாரும் என்னிடம் வந்து “ரேட்டிங்கை ஏற்று” என்று சொன்னதில்லை. ஆனால் கட்டணம் பேசும் பிரிவும் நாங்களும் ஒரே மாடியில் இருந்தோம். பெரிய வாடிக்கையாளரின் கோப்பு, ரேட்டிங்கை முடிவு செய்யும் கமிட்டிக்கு வரும்போது கேள்விகள் மென்மையாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் பொய் சொல்லவில்லை. சந்தேகத்தின் பலன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வித்தியாசம் வரும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரேட்டிங் ஏன் எப்போதும் தாமதமாக இறங்குகிறது? இறக்குவதே சில சமயம் ஆளைக் கொன்றுவிடும் என்பதால். 2008இல் அமெரிக்காவின் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க உள்ள வங்கிகளுக்கு, ‘உங்களிடம் இருக்கும் வீட்டுக்கடன் பத்திரம் மோசமானால் நாங்கள் ஈடுகட்டுகிறோம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏஐஜியின் ரேட்டிங் உயரத்தில் இருந்ததால் பல வங்கிகள் ஆரம்பத்தில் அதனிடம் பிணை எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: ரேட்டிங் இறங்கினால் பிணை வைக்க வேண்டும். செப்டம்பர் 15, அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்த அதே நாளில், மூன்று பெரிய ஏஜென்சிகளும் ஏஐஜியை இறக்கின. ஒரே நேரத்தில் எல்லோரும் பிணை கேட்டு நின்றார்கள். மறுநாள் அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவிக்காமல் இருந்திருந்தால் அந்த வாரத்தோடு கதை முடிந்திருக்கும்.

எதிர்த்தரப்பு இடர் என்று பாடப் புத்தகத்தில் சொல்வது இதைத்தான். ஒப்பந்தம் உங்களுக்கு லாபமாக இருக்கலாம், கையெழுத்து சரியாக இருக்கலாம். எதிரில் நிற்பவரால் கொடுக்க முடியாமல் போனால் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு? ஏஐஜியிடம் காப்பீடு வாங்கிய வங்கிகள் அந்த ஆபத்து தீர்ந்துவிட்டது என்று கணக்கு எழுதின. அது இடம் மாறித்தான் இருந்தது, தீரவில்லை.

திருப்பூர்_செல்வி:

அனலிஸ்ட் அக்கா கடைசியில் சொன்னது எங்கள் ஊரில் தினமும் நடப்பது. நாங்கள் பனியன் ஏற்றுமதி. ஆர்டர் வாங்கும்போது பையரின், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின், கிரெடிட் ரிப்போர்ட் எடுப்போம். ஐரோப்பாவில் ஒரு பழைய பையர், பதினோரு வருடப் பழக்கம். ரிப்போர்ட்டில் எப்போதும் நல்ல மதிப்பெண்தான். சரக்கு போய் 90 நாளில் பணம் வரும். ஒரு சீசனில் 97ஆம் நாள் வந்தது. அடுத்த சீசனில் 110. ரிப்போர்ட்டில் அப்போதும் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் கணக்குப் பிள்ளை, “அம்மா, பழைய பாக்கி வராம புது கண்டெய்னர் ஏத்த வேணாம்” என்றார். வீட்டுக்காரர், பதினோரு வருடப் பழக்கத்தை நினைத்து இரண்டு கண்டெய்னர் ஏற்றிவிட்டார். அந்தப் பையர் திவாலான செய்தியை நாங்கள் பேப்பரில் படித்தோம். ரிப்போர்ட் அதற்கு அப்புறம்தான் மாறியது.

ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடுகட்டும் ஈசிஜிசி காப்பீடு எடுத்திருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் காப்பீட்டு வரம்பு ஒரு கண்டெய்னருக்கும் கொஞ்சம் மேல்தான். வரம்புக்கு வெளியே போனது எங்கள் கைக்காசு. நூல் கடைக்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் ஒன்றரை வருடம் தவணை கட்டினோம்.

ரவி தம்பிக்கு நான் சொல்ல வருவது: பணம் தருபவர் தள்ளாடுவது முதலில் தேதியில் தெரியும், மதிப்பெண்ணில் அல்ல. அப்புறம், யாராக இருந்தாலும் ஒருவரிடம் எவ்வளவு நிற்கலாம் என்ற வரம்பை அவர் நன்றாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். பழக்கம் வளர்ந்த பிறகு கை வராது.

ஈசூன்_கணேஷ்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2008 கடைசியில் சனிக்கிழமைகளில் ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் கூடும். முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த டான் கின் லியான் ஒலிபெருக்கியில் பேசுவார். வந்தவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், கையில் பிளாஸ்டிக் உறையில் விண்ணப்பத்தின் நகல். எல்லாம் ‘மினிபாண்ட்’ போன்ற பத்திரங்களில் போட்டவர்கள். இங்கே ஏறக்குறைய 10,000 பேர், தொகை 50 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல். ஹாங்காங்கில் இதைவிடப் பல மடங்கு.

அந்தப் பத்திரத்தின் விளம்பரத்தில் உலகின் பெரிய வங்கிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இவர்களில் ஒருவர் விழுந்தால்தான் உங்களுக்கு நஷ்டம் என்று விற்றவர்கள் விளக்கினார்கள். அந்த வங்கிகள் விழவில்லை. உள்ளே வட்டியைக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பாக நின்றது லேமன். விழுந்தது அதுதான். பிணையாக வைத்திருந்த பத்திரங்களும் உயர்ந்த ரேட்டிங்கோடு வாங்கப்பட்டவை, விற்கப்போனபோது விலை இல்லை. லேமனுக்கே திவாலான நாள் காலை வரை முதலீட்டுத் தர ரேட்டிங், அதாவது பணம் போடத் தகுந்தது என்ற தரம், இருந்தது.

அதனால் விண்ணப்பத்தில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். காசோலையை யார் பெயருக்கு எழுதுகிறீர்கள், திருப்பித் தரும் கடமை சட்டப்படி எந்த நிறுவனத்துக்கு என்று பாருங்கள். குழுமத்தின் பெயர் ஒன்றாகவும் கடன் வாங்கும் கம்பெனி வேறாகவும் இருக்கும்.

கும்பகோணம்_ரவி:

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பரீட்சை உவமை அவருக்குப் பிடித்துவிட்டது. “சரி, விடைத்தாளைக் காட்டச் சொல்லு, நானே திருத்துறேன்” என்கிறார். மணி சார், எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

கொரட்டூர்_மணி:

விடைத்தாள் இருக்கிறது, இலவசமாகவே. ஏஜென்சியின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் ஆறேழு பக்க விளக்க அறிக்கை வரும். எழுத்தை மறந்துவிட்டு அதைப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் கீழே உள்ள அட்டவணையில் நீங்கள் போடப்போகும் டெபாசிட்டுக்கே ரேட்டிங் இருக்கிறதா, வேறு பத்திரத்துக்கு வாங்கியதை முகப்பில் போட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். அப்புறம் ‘லிக்விடிட்டி’ என்ற தலைப்புக்குப் போங்கள். ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸுக்குப் பிறகு 2018 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இதைக் கட்டாயமாக்கியது. கையில் எவ்வளவு ரொக்கம், அடுத்த சில மாதங்களில் கட்ட வேண்டியது எவ்வளவு, வங்கியில் எடுக்காமல் வைத்திருக்கும் கடன் வரம்பு எவ்வளவு என்று இருக்கும். கணக்கு வாத்தியாருக்கு இது ஐந்து நிமிட வேலை. கட்ட வேண்டியது பெரிதாக இருந்து, ‘சந்தையில் தொடர்ந்து நிதி திரட்டும் திறன் உள்ளது’ என்ற வாக்கியத்தை நம்பித்தான் அது அடைபடும் என்றால், அங்கே சிவப்பு மையால் கோடு போடச் சொல்லுங்கள்.

ரேட்டிங் எழுத்துக்குப் பின்னால் வால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சிஇ’ என்றிருந்தால் மூன்றாவது ஆள் கொடுத்த உத்தரவாதத்தைச் சேர்த்துப் போட்ட மதிப்பெண். அப்போது அந்த மூன்றாவது ஆளைத்தான் நீங்கள் எடைபோட வேண்டும். ‘இஷ்யூயர் நாட் கோஆப்பரேட்டிங்’ என்றிருந்தால் நிறுவனம் தகவல் கொடுக்க மறுத்துவிட்டது. அதற்கு மேல் படிக்க வேண்டாம். ஒரு ஏஜென்சி கொடுத்ததை ஏற்காமல் இன்னொன்றிடம் போனார்களா என்றும் தெரிந்துகொள்ளலாம், ஏற்கப்படாத ரேட்டிங்கையும் ஏஜென்சிகள் தளத்தில் போட வேண்டும்.

அப்புறம், பரீட்சையில் வராத கேள்வி. கட்டாமல் போனால் என்ன கிடைக்கும்? வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது. சொத்தின் மேல் முதல் உரிமை பிணை வாங்கிய வங்கிகளுக்கும் பத்திரதாரர்களுக்கும். டெபாசிட் போட்டவர் பின்னால் நிற்பவர். வீட்டுக்கடன் நிறுவனமான டிஹெச்எஃப்எல் 2019 பிப்ரவரி வரை டிரிபிள் ஏ, ஜூன் மாதம் டி. தீர்வு முடிந்தபோது டெபாசிட்தாரர்கள் பலருக்குக் கிடைத்தது அசலில் கால் பங்கு அளவுதான். அதில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனத்துப்போகிறது.

வாசகன் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐஎல் அண்ட் எஃப்எஸ் விஷயத்தில் செபி இக்ரா, கேர் ஏஜென்சிகளுக்கு முதலில் 25 லட்சம் அபராதம் போட்டது, பிறகு ஒரு கோடியாக உயர்த்தியது. ரவி கேட்டாரே, தப்பினால் யார் பொறுப்பு என்று. பொறுப்பின் விலை அவ்வளவுதான். அந்த ஒரு கோடியில் ஒரு பைசாகூடப் பணம் போட்டவருக்கு வருவதில்லை.

பெரம்பூர்_வாசகன்:

டிஹெச்எஃப்எல் டெபாசிட்டுக்குக் கால் பங்குதான் வந்தது என்பது எனக்குத் தெரியாது. என்னுடைய இரண்டு கம்பெனி அறிக்கைகளையும் நேற்று ராத்திரி முதல் தடவையாகப் படித்தேன். ஒன்று தேறுகிறது. இன்னொன்றில் நீங்கள் சொன்ன அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் எடுக்கப் போவதில்லை, முதிரும்போது புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறேன். கூடுதல் வட்டிக்கு ஒரு இடம் உண்டு என்ற என் எண்ணம் மட்டும் மாறவில்லை, இழந்தாலும் குடும்பம் ஆடாத தொகை என்றால்.

பழைய_அனலிஸ்ட்:

அந்தத் தொகை எது என்பதை வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிடுங்கள். ரவி, ஒன்றே கால் சதவீதம் என்றால் 32 லட்சத்துக்கு வருடம் 40,000 ரூபாய், மாதம் 3,300 சொச்சம். அதற்காக 32 லட்சத்தையும் ஒரே எதிர்த்தரப்பிடம் நிறுத்துகிறோம். அப்பாவிடம் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். 60 வயது முடிந்தவர் என்றால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து வரம்பு 30 லட்சம். அங்கே எதிர்த்தரப்பு மத்திய அரசு.

கும்பகோணம்_ரவி:

வெள்ளிக்கிழமை முடிந்தது. அப்பா அறிக்கையை அச்செடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். அனலிஸ்ட் அக்கா சொன்ன இரண்டு எண்ணையும் விண்ணப்பத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்திருந்தார். ஏஜென்ட் வந்ததும், ஆறு மாதத்தில் கட்ட வேண்டிய தொகையையும் கையிருப்பையும் காட்டி, “மீதி எங்கேர்ந்து வரும்?” என்று கேட்டார். ஏஜென்ட் நல்ல மனிதர்தான். “தெரியலை சார், இதை யாரும் கேட்டதில்லை” என்று உள்ளதைச் சொன்னார்.

30 லட்சம் தபால் நிலையத்துக்குப் போகிறது. மிச்சம் இரண்டு லட்சம் வங்கியில். அம்மா அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

ஒரு கவலை. அப்பாவோடு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் போன மாதம் மொத்தத்தையும் இதே டெபாசிட்டில் போட்டுவிட்டார். இப்போது பாதியை எடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

கொரட்டூர்_மணி:

ரசீதின் பின்பக்கத்தில் முதிர்வுக்கு முன் எடுப்பது பற்றி இருக்கும், முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். பொதுவான விதிப்படி முதல் மூன்று மாதத்துக்குள் எடுப்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்தால் வட்டி இல்லாமல் அசல் மட்டும். ஆறு மாதம் தாண்டினால் அந்தக் காலத்துக்கு உரிய வட்டியில் இரண்டு சதவீதம் குறைத்துத் தருவார்கள். அவசர மருத்துவச் செலவு போன்றவற்றுக்குத் தனி விதி உண்டு. ஒரே ரசீதாகப் போட்டிருக்கிறாரா, பல ரசீதாகவா? பலவாக இருந்தால் சிலவற்றை மட்டும் உடைக்கலாம். ரசீதின் படத்தை, பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்று மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.